மடுவுக்காகக் குளித்தவர்கள்

போன கிழமை என் பழைய கந்தோரிலிருந்து நிரோஷா என்கிற பிள்ளை சல்லி என்கிற கடற்கரை ஊரில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தாள். ஓய்வு பெற்றவளைத் தேடி ஒருவரும் சும்மா வருவதில்லை. கதிரையில் இருந்ததும் முறைப்பாடுதான் முதலில் வந்தது.

"மிஸ், அந்தப் பாசறை வளவு மடுவில போன வருச ஆவணியில எடுத்த தண்ணி பழுதாப் போச்சு. திருப்பி எடுக்கச் சொல்லுறாங்கள்."

"தண்ணி எப்பிடிப் பிள்ளை பழுதாப் போகும்?"

இப்போது ஓடையில் இறங்கி வலை போடுகிற வழக்கம் குறைந்துவிட்டது. ஒரு போத்தலில் தண்ணீரை அள்ளிக் கொழும்புக்கு அனுப்பினால், அதில் கரைந்து கிடக்கிற தோலும் சளியும் எந்தெந்த உயிருடையவை என்று ஆய்வுகூடத்தில் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். மீன், தவளை, நீர்நாய் எல்லாம் அந்தப் போத்தலுக்குள் வந்துவிடும். அந்த மடுத் தண்ணீரில் மற்ற உயிர்களோடு மனிதரின் தடயமும் அளவுக்கு மிஞ்சி இருந்ததாம். அள்ளியவர்கள் கையை விட்டுக் கலக்கியிருக்கிறார்கள், இதைக் கணக்கில் எடுக்க ஏலாது என்று தள்ளிவிட்டார்களாம்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும்.

"அது பிழையில்லைப் பிள்ளை. அந்த மடு உயிரோட இருக்கிறதே ஆக்களாலதான்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. நான் எழும்பி முற்றத்தில் அங்குமிங்கும் நடந்து அரைகுறையாகச் சொல்லி முடித்தேன். "இதை எழுதித் தாங்கோ மிஸ், கந்தோர் மலரில போடுவம். புதுசா வந்த ஒருத்தருக்கும் இந்தக் கதை தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் ஓரிடத்தில் இருந்து எழுதுகிற ஆள் இல்லை. ஒரு வசனம் எழுதினால் வாசல் படலை வரைக்கும் போய் வரவேண்டும் போலிருக்கும். இப்போது கோடைக் கச்சான் காற்று வேறு வீசுகிறது. தோலெல்லாம் காய்கிறது, கதவெல்லாம் அடிக்கிறது, மனமும் நிலைகொள்ளாமல் அலைகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். நல்ல தண்ணீரைப் பழுதென்று ஊற்றிவிட்டார்களே என்ற வயிற்றெரிச்சல்தான் எழுத வைக்கிறது.

என் அப்பா கரைவலைக்காரர். நான் விலங்கியல் படித்து ஓடை மீன் பார்க்கிற வேலைக்குப் போனபோது, "கடலுக்குப் பக்கத்தில பிறந்திட்டு முழங்கால் தண்ணியில மீன் தேடுறதுக்குச் சம்பளம் வாங்கிறாள் எங்கட மகள்" என்று கடற்கரை வாடியில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்ச் படகில் மூதூருக்குப் போவோம். அங்கிருந்து கிடைத்த ட்ரக்டரில் ஏறுவோம். சோதனைச் சாவடிகளில் கை வலையையும் வெள்ளைத் தட்டையும் விரித்துக் காட்டி, பூச்சி பிடிக்கிறதுக்கு என்று சொல்லி ஆமிக்காரரைச் சிரிக்க வைத்துத் தப்பிப் போவோம். படிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான், குணநாயகம் சேரிடம்.

சேர் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பானவர். எவரையும் 'நீங்கள்' என்றுதான் சொல்லுவார். வலையைக் கடித்துக்கொண்டு ஓடுகிற நாயைக்கூட "அதை வையுங்கோ" என்றுதான் கேட்பார். ஓடைக்குள் இறங்கும்போதும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுத் தெறி, கடைசிப் பொத்தான் வரை, பூட்டியிருக்கும். சத்தம் போட்டதை ஒருவரும் கேட்டதில்லை. நாம் எழுதியது பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அந்தத் துடைப்புக்கு நான் பயந்த மாதிரி வேறு எதற்கும் பயந்ததில்லை. வெளியூரில் தங்கும்போது நாங்கள் எல்லோரும் கிணற்றடியில் நின்று குளிப்போம். சேர் மட்டும் ஒரு வாளித் தண்ணீரை அறைக்குள் எடுத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, சத்தமில்லாமல் உடம்பைத் துடைத்துக்கொண்டு வருவார். உடம்பு காட்டக் கூச்சமான மனிதர்.

அவரிடம் சில பிடிவாதங்கள் இருந்தன. ஓடையைக் கீழிருந்து மேலே நோக்கித்தான் பார்க்கவேண்டும். மேலிருந்து வந்தால் நாம் கலக்கிய சேறு நாம் இன்னும் பார்க்காத இடத்துக்கு நமக்கு முன்னாலே போய்விடும். இறங்குவதற்கு முன் கரையில் அசையாமல் இருக்கவேண்டும். "மீன் எங்களை மறக்கட்டும்" என்பார். இதுதான் எனக்குப் பெரிய தண்டனை. என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். சேர் அந்தக் காலையே பார்ப்பார். பிறகு வலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு முன்னால் இருக்கிற கற்களைக் காலால் கிளறவேண்டும். கல்லுக்கடியில் ஒட்டியிருக்கிற தும்பியின் குடம்பிப் புழுக்களும் நத்தைகளும் சின்ன இறால்களும் மிதந்து வந்து வலையில் ஏறும். வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்து, எழுதி, எடுத்த இடத்திலேயே விடவேண்டும். காட்டுக்குள்ளே என்றால் கயிறு கட்டி, கயிற்றின் இரண்டு பக்கமும் கைக்கெட்டுகிற மரங்களை நெஞ்சு மட்டத்தில் சுற்றளவு எடுத்து எழுதவேண்டும். குனிந்து கன்றுகளையும் பார்க்கவேண்டும். பெரிய மரம் நிற்கிறது, அதன் கன்று ஒன்றுகூட இல்லை என்றால் அந்தக் காட்டைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கலாம் என்பார்.

அறிக்கையில் எல்லோரும் கண்டதைத்தான் முதலில் எழுதுவார்கள். சேரின் அறிக்கையில் முதலாவது தலைப்பு 'காணப்படாதவை' என்றிருக்கும். எதிர்பார்த்து வந்தும் எதைக் காணவில்லை என்று அதில் எழுதவேண்டும். கண்டதை எழுதும்போது எல்லாருக்கும் கை நீளும், காணாததை எழுதும்போதுதான் ஆள் நேர்மையானவரா என்று தெரியும் என்பது அவர் கட்சி.

இனி அந்த வளவுக்கு வருகிறேன்.

ஈச்சிலம்பற்றுக்கு அங்கால், வயல்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஒரு திருச்சபை பல காலமாக அரசாங்கக் காணியைக் குத்தகைக்கு எடுத்து இளைஞர் பாசறை நடத்தி வந்தது. எங்கள் மாவட்டத்தில் காம்ப் என்று சொன்னால் எந்த ஆமிக் காம்ப் என்று கேட்பார்கள். அதனால் அவர்கள் விடாமல் பாசறை என்றே சொல்லிப் பழக்கிவிட்டார்கள். ஒரு மண்டபம், நீளமான படுக்கை அறைகள், சமையலுக்கு ஒரு குசினி, பந்தடிக்கிற வெளி, கற்பாறைச் சரிவில் வெட்டிய ஒரு கிணறு. கிணற்றடியிலிருந்து தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் வாழை. அதற்குக் கீழே மணல், மணலுக்குக் கீழே ஓடை. மருத மரங்கள் கவிந்து நிற்கிற ஒரு வளைவில் ஓடை ஆழமாகி ஒரு மடுவாகக் கிடக்கும்.

வளவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தவர் ரூபி அக்கா. கட்டைபறிச்சானில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் ஊர் ஊராக ஓடி, புருசனையும் அந்த ஓட்டத்தில் பறிகொடுத்து, கடைசியில் இந்தக் காவல் அறைக்கு வந்து சேர்ந்தவர். அவருக்கு அதைவிட வேறு வீடு இல்லை.

குத்தகை முடிகிற நேரம். காட்டுப் பகுதியில் ஆட்களே இருக்கக்கூடாது, வளவை எடுத்து வேலி போட்டுக் காடாக விடவேண்டும் என்று மேலிடத்தில் ஒரு எண்ணம். அதற்கு முன்னால் ஓடையிலும் காட்டிலும் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதும் வேலை எங்களுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த எண்ணம்தான். பந்தடிக்கிற பிள்ளைகள், விறகு வெட்டுகிற சமையல்காரர்கள், கத்திப் பாடுகிற கூட்டம், இவர்கள் போனால் ஓடை பிழைக்கும் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டுதான் போனேன்.

மாரி முடிந்த கையோடு முதல் தடவை போனோம். சேர், நான், வாகனமும் ஓட்டி வலையும் பிடிக்கிற கிண்ணியா பஸ்லி நானா, மூன்று பேர். ஓடை நிறைந்து ஓடியது. பாலை, வீரை, முதிரை, பனிச்சை, எல்லாவற்றுக்கும் கன்று இருந்தது. பந்தடிக்கிற வெளியைச் சுற்றி மட்டும் நாயுண்ணிப் பற்றை. ஓடையில் விரலளவு கெண்டை ஒன்று கூட்டம் கூட்டமாக ஓடியது. செவுளிலிருந்து வால் வரை மஞ்சள் கோடு. அதன் விஞ்ஞானப் பெயர் வாயில் நுழையாது, நாங்கள் கோடன் என்று கூப்பிட்டோம். நான் பார்த்த வேறு ஓடைகளில் அது அரிது. கீழே ஓடை போய் விழுகிற குளம் வரைக்கும் அது பரவியிருந்தது. இதோடு அறிக்கையை எழுதி முடிக்கலாம் என்று நான் அவசரப்பட்டேன்.

சேர் கண்ணாடியைத் துடைத்தார். "ஓடை ஓடேக்க பாத்தாச்சு. ஓடாத நேரமும் பாக்கவேணும், யோகேஸ்வரி" என்றார்.

ஆவணியில் திரும்பவும் போனோம். எங்கள் பக்கத்து ஓடைகளை அந்த நேரத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது ஓடையே இல்லை, மணல் றோட்டு. கீழிருந்து நடந்து வந்தோம். காய்ந்த நத்தை ஓடு, வெடித்த சேறு, பன்றி கிளறிய குழி. கோடன் ஒன்றுகூட இல்லை. வளவுக்குக் கீழே அந்த வளைவுக்கு வந்தபோது பஸ்லி நானா "அல்லாஹ்" என்று நின்றுவிட்டார். மடு நிறையத் தண்ணீர். மருத நிழலில் கோடன்கள் ஒன்றன் மேல் ஒன்றாக மின்னிக்கொண்டிருந்தன. மாரியில் குளம் வரைக்கும் பரவுகிற அத்தனை மீனுக்கும் தாய் மடு இதுதான் என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. இது வற்றினால் அந்த ஓடையில் இனிக் கோடன் இல்லை.

வளவிலேயே தங்கினோம். அந்தச் சமயம் பிள்ளைகளின் பாசறை முடிந்து அவர்கள் போய்விட்டிருந்தார்கள். மடுவில் ஒரு கம்பை நட்டுக் கோடு கீறி, காலையும் மாலையும் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தோம். வெய்யில் நெருப்பாக எரித்தது. கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. மடு மட்டும் கோட்டை விட்டு இறங்கவில்லை. சேர் சிரித்து நான் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். "ஊற்று. அடியில நல்ல ஊற்று இருக்கு" என்றார். ஊற்று இருந்தால் மடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆட்கள் போகலாம், வேலி போடலாம். ரூபி அக்கா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே உள்ளே போய்விட்டார். அன்றைக்குக் கறியில் உப்புக் கூடிப்போனது.

அடுத்த நாள் கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. பஸ்லி நானாவின் கைவேலைதான். மனிதர் ஒரு குளியலுக்குப் பத்துப் பேருக்கான தண்ணீர் அள்ளுவார். வாளி எடுக்கிற கொளுக்கியை ஊருக்குள் யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அது வந்து சேர அன்றைய நாள் போய்விட்டது. ஒருவரும் குளிக்கவில்லை. வாகனத்தில் இருந்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு, நாற்றத்தோடு ஒருவருக்கொருவர் தள்ளியிருந்து சாப்பிட்டோம்.

மறுநாள் காலை கம்பைப் பார்த்தால் மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

கம்பு சாய்ந்துவிட்டது என்றார் பஸ்லி நானா. சாயவில்லை. பன்றி வந்து குடித்திருக்கும் என்றேன் நான். கரையில் காலடி இல்லை. வாளியை எடுத்து எல்லோரும் ஆசை தீரக் குளித்தோம். அடுத்த நாள் மட்டம் பழைய கோட்டுக்கு ஏறியிருந்தது. நான் கம்பைப் பார்த்தேன், மேலே மணலைப் பார்த்தேன், வாழையைப் பார்த்தேன், கிணற்றடியைப் பார்த்தேன். கிணற்றடியில் பஸ்லி நானா தலையில் ஊற்றிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

நாங்கள்தான் ஊற்று. காலை மாலை குளித்துக் குளித்து மடுவை நிரப்பியது நாங்கள். எங்களுக்கு முன்னால் பாசறைப் பிள்ளைகள். பாடசாலை விடுமுறையும் கோடையும் ஒன்றாக வருவதால் ஒவ்வொரு ஆவணியும் அவர்கள் அங்கே குளித்திருக்கிறார்கள். வெய்யிலில் காய்ந்து வந்து விழுந்தடித்துக் குளிக்கிற எங்கள் ஊர் ஆட்களைத் தவிர வேறு எவரும் இப்படி அளக்கப் போன இடத்தில் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

சேரிடம் ஓடினேன். கண்ணாடி கழன்றது.

"குளிச்ச தண்ணி வாழையைத் தாண்டி, இவ்வளவு மணலையும் தாண்டி வருமெண்டு எப்பிடிச் சொல்லுவீங்கள்?"

"உப்புப் போட்டுப் பாப்பம் சேர்."

ரூபி அக்காவிடம் கல்லுப்பு வாங்கிக் கரைத்துக் கிணற்றடிப் பள்ளத்தில் ஊற்றினோம். மடுவின் மேல் ஓரத்தில் உப்புப் பார்க்கிற கருவியைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன். என் வாழ்க்கையில் கால் ஆடாமல் இருந்தது அந்த ஒரு தரம்தான். அடுத்த நாள் முன்னேரத்தில் முள் ஏறியது. கொஞ்சம்தான், மீனுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் ஏறியது. பள்ளத்தின் தண்ணீர் மடுவுக்கு வருகிறது. உடம்பில் போட்ட சவர்க்காரத்தை வாழையும் மணலும் வடித்துவிடுகின்றன. கிணறு பாறைக்கு மேல் பக்கம், அதன் ஊற்று வேறு. மடுவுக்கென்று சொந்தமாக ஒரு ஊற்றும் இல்லை என்று முடிவு கட்டினேன்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். சேர் தலையை ஆட்டினார்.

"தண்ணி வருகுது எண்டு காட்டிப்போட்டீங்கள். வராட்டி மடு வத்தும் எண்டு காட்டேல்ல. அடியில சின்னதா ஒரு ஊற்று இருந்து, ஒரு மட்டத்தில இறக்கம் நிண்டிட்டா? கொழும்பில முதல் கேள்வி இதுதான் கேப்பினம். ஒருத்தரும் குளியாமல் இருந்து பாக்கவேணும்."

"எவ்வளவு நாளைக்குச் சேர்?"

"மடு சொல்லும் வரைக்கும்."

கிணற்றில் சமையலுக்கு மட்டும் அள்ளினோம். குளிக்க ஈச்சிலம்பற்றுக்குப் போய் வந்தோம். மட்டம் இறங்கிக்கொண்டே போனது. எங்காவது நிற்கும், நிற்கும் என்று சேர் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நிற்கவில்லை. தண்ணீர் தேத்தண்ணி நிறமானது. கோடன்கள் நடுவில் ஒதுங்கி, வாயை மேலே நீட்டிக் காற்றைக் குடிக்கத் தொடங்கின. எங்கிருந்தோ கொக்குகள் வந்து மருதங் கிளையில் வரிசையாக இருந்தன. நான் கல்லெறிந்து துரத்துவேன், திரும்பி வரும். எனக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. மடுவுக்கும் கிணற்றடிக்கும் இடையில் நடந்து நடந்து செருப்பு அறுந்தது. ஊற்று இல்லை என்று நிரூபிக்கப் போய்க் கடைசி மீனையும் கொன்றுவிட்டு, வெற்றி என்று அறிக்கை எழுதப்போகிறோமா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன்.

ரூபி அக்கா ஒரு மத்தியானம் சோற்றுக் கோப்பையை மேசையில் அடித்து வைத்தார்.

"சேர், நான் ஒண்டு கேக்கட்டா? குறை நினையாதேங்கோ. ஊற்று இருந்தா என்னை இங்கயிருந்து எழுப்பிறியள். ஊற்று இல்லாட்டி மீனைச் சாக்காட்டிறியள். எனக்கும் அதுகளுக்கும் எப்ப முடிவு சொல்லப்போறியள்?"

சேர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம் பொறுங்கோ" என்றார். குரல் வழக்கம் போலத்தான் இருந்தது, ஆனால் அவர் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை மடுவில் ஒரு கோடன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. பக்கத்தில் இன்னும் ஒன்று சரிந்து சரிந்து நீந்தியது. சேர் குந்தியிருந்து அந்த மீனைக் கையில் எடுத்தார். தட்டில் வைக்கவில்லை, அளக்கவில்லை. உள்ளங்கையில் வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பி வளவுப் பக்கம் நடந்தார். எழுதத்தான் போகிறார் என்று நினைத்தேன். இன்றைக்குச் சேரிடம் சத்தம் போடுவது, வேலை போனாலும் பரவாயில்லை என்று பற்களைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

கிணற்றடியில் கப்பி கிறீச்சிட்டது. சேர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்றார். சட்டை இல்லை, பெனியனும் இல்லை. வெய்யில் காணாத வெள்ளை நெஞ்சு, பழைய காயத் தழும்பு ஒன்று தோளிலிருந்து கீழே இறங்கியிருந்தது. இத்தனை வருடமும் தெறி பூட்டி வைத்திருந்தது அதைத்தான். எங்கே எப்படி வந்தது என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றினார். மூச்சு வாங்கியது. திரும்பவும் இறக்கினார், திரும்பவும் ஊற்றினார். என்னைக் கண்டும் துவாயை எடுத்துப் போர்க்கவில்லை.

"பஸ்லியைக் கூப்பிடுங்கோ. நீங்களும் சீலையைக் குறுக்குக் கட்டிக்கொண்டு வாங்கோ. ரூபி அக்காவையும் வரச்சொல்லுங்கோ" என்றார். "கெதியா."

அன்றைக்கு நாங்கள் குளித்ததைக் குளிப்பு என்று சொல்ல ஏலாது. மாறி மாறி அள்ளினோம். பஸ்லி நானா பாடவில்லை. ரூபி அக்கா அழுதுகொண்டு ஊற்றினார், ஊற்றிக்கொண்டு சிரித்தார். குளிரில் உதடு நீலமாகிப் பல்லடிக்கிற வரைக்கும் சேர் நிற்கவில்லை. கயிறு இழுத்துக் கைத் தோல் உரிந்துவிட்டது. பின்னேரம் மணலில் ஈரம் மடுவைத் தொட்டது. நான் கம்பைப் பார்க்கவில்லை. மீனைத்தான் பார்த்தேன்.

அறிக்கையைச் சேர்தான் எழுதினார். முதல் தலைப்பு வழக்கம் போல 'காணப்படாதவை'. அதன் கீழே ஒரே ஒரு வரி: மடுவில் இயற்கை ஊற்று. பிறகுதான் மற்றதெல்லாம்.

கொழும்பில் கூட்டம் நடந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். குளிரூட்டிய அறை. பெரியவர்கள் அறிக்கையைப் புரட்டினார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஒரு மூலையில் சிரிப்புக் கேட்டது. ஆட்களை எடுத்துவிட்டு மோட்டர் போட்டால் என்ன என்று கேட்டார்கள். அந்தக் கிணறு மோட்டருக்கு ஒரே இழுவையில் கலங்கி வற்றும், ஆறி ஆறி அள்ளினால்தான் சுரக்கும் என்று சேர் சொன்னார். சரி, ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து ஊற்றச் சொன்னால் என்ன என்றார்கள். "ஊற்றினதெண்டு எழுதிப்போட்டு நிழலில இருப்பார். கச்சான் வெய்யிலில குளிக்கச் சொல்லி ஒருத்தருக்கும் சம்பளம் குடுக்கத் தேவையில்லை" என்று நான் வாயை விட்டுவிட்டேன். அந்தக் கூட்டத்தில் என்னை ஒருவரும் பேசச் சொல்லியிருக்கவில்லை. சேர் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

தலைமை தாங்கியவர் கடைசியாகக் கேட்டார். அப்படியென்றால் இந்த ஓடையைக் காப்பாற்ற மனிதர்கள் அங்கே தங்கிக் குளிக்கவேண்டும், அதுதான் உங்கள் பரிந்துரையா?

ஆங்கிலத்தில் நடந்த கூட்டம். சேர் தமிழில் "ஓம், அதுதான்" என்றார். ஏனோ அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

குத்தகை நீடிக்கப்பட்டது. விறகு வெட்டக்கூடாது, பந்தடிக்கிற வெளியைப் பெருப்பிக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு, கோடை மாதங்களில் வளவை வெறுமையாக விடக்கூடாது என்றும் ஒன்று சேர்ந்தது. சபை ஆட்கள் அதைப் பெரிய மனதோடு எடுத்துக்கொண்டார்கள். ஆவணி வந்தால் யாரும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். மூதூர்ப் பாடசாலைப் பிள்ளைகள் வந்தார்கள், வெருகல் கோயிலுக்குப் போகிற கூட்டம் வந்து தங்கிக் குளித்துவிட்டுப் போனது. பஸ்லி நானா தன் குடும்பம் முழுவதையும் கொண்டுவந்து இறக்குவார். சேர் ஓய்வு பெற்ற பிறகும், நடக்க முடிந்த கடைசிக் கோடை வரைக்கும் போய்க் குளித்தார். அவர் இப்போது இல்லை. அவருடைய மரண வீட்டில் எல்லோரும் அவர் அறிக்கைகளைப் பற்றிக் கதைத்தார்கள். எனக்கு அந்த ஈரச் சாரமும் நடுங்கின உதடும்தான் கண்ணுக்குள் நின்றன. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று உயிரோடு இருக்கும்போது ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

நிரோஷா, போத்தலில் நீங்கள் கண்ட மனிதத் தடயம் பிழை இல்லை என்று இப்போது விளங்கியிருக்கும். இந்த இடத்தில் முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் நேற்றுப் பின்னேரம் ரூபி அக்கா போன் எடுத்தார். வயது போய்விட்டது, குரல் நடுங்குகிறது, ஆனால் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

"யோகா, மடு இறங்குது."

"ஏன் அக்கா, பிள்ளையள் வரேல்லையா?"

"இந்த முறை பாசறை நிலாவெளியில. ஹோட்டல்ல ஏசி மண்டபம் எடுத்திருக்கினம். பிள்ளையளுக்குக் காட்டு வெக்கை ஒத்துக்கொள்ளாதாம். வேற ஆக்களும் ஒருத்தரும் வரேல்ல. நான் தனிய அள்ளிப் பாக்கிறன், கை ஏலாது."

"கொக்கு வந்திட்டுதா?"

"வந்திட்டுது" என்றார்.

சபைக்குக் கதைத்தேன், பார்ப்போம் என்றார்கள். கந்தோருக்குக் கதைத்தேன், கடிதம் போடச் சொன்னார்கள். கடிதம் போய்ச் சேர முன்னம் மாரி வந்துவிடும். பஸ்லி நானா காலில் மருந்துப் பத்துப் போட்டுக் கட்டிலில் கிடக்கிறார். இரவு முழுக்க நித்திரை வரவில்லை. காலையில் மாற்றுடுப்பைப் பையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு இருக்கிற நேரத்தில் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். நிரோஷாவின் வீட்டு வாசலில் இதை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறப்போகிறேன், வாசித்துக் காட்டிவிட்டு அவளும் பின்னால் வந்து சேர்வாள் என்ற எண்ணத்தில்.

இதை மலரில் போடுகிறீர்களோ இல்லையோ, அது எனக்குப் பெரிய காரியமில்லை. மலர் வரும்வரை காத்திராமல், கையில் கிடைத்த அன்றைக்கே கந்தோரில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு ஆள் குளிக்கிற தண்ணீர் மடு வரைக்கும் போய்ச் சேராது, நடுவில் வாழையே குடித்துவிடும். இரண்டு கிழவிகள் குளித்தாலும் மணலில் பாதியில்தான் நிற்கும். வாருங்கள்.